முக்காலிகளை எடுத்துவிட்ட மகனுக்கு

சிரஞ்சீவி சங்கரலிங்கத்துக்கு அப்பா எழுதுவது.

இங்கு யாவரும் சௌக்கியம், அங்கு உன் சௌக்கியத்துக்கு எழுது என்று தொடங்குவதுதான் வழக்கம். அடுத்தவர் எழுதியதை அச்சுக் கோர்த்தே ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். அந்த முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு கோர்த்துவிடுவேன். இன்றைக்கு அது வரமாட்டேன் என்கிறது. ஏரலில் உன் அக்காள் வீட்டில் எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது. உன் அத்தான் வாழைக்குக் காவலாகத் தோட்டத்திலேயே கிடக்கிறார். உன் அம்மாவுக்குப் பேச அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறது. மனம்தான் சரியில்லை. நீ அச்சுக்கூடத்துக்கு மேனேஜர் ஆன சேதி வந்த அன்று இந்தத் தெருவில் வீடு வீடாகக் கற்கண்டு கொடுத்தவன் நான். அதே கையால் இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று பேனாவை மையில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். "எழுதுங்க, ஆனா புள்ளய வஞ்சிராதிங்க" என்று சொல்லிவிட்டு உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். வைய மாட்டேன். வைவதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்பதே சந்தேகம். முழுவதும் படித்தால் உனக்கே தெரியும்.

மைதீன் வந்திருந்தான். மேலப்பாளையத்து மைதீன், உனக்கு மைதீன் மாமா, அச்சுக்கூடத்தில் என் எழுத்துப் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் எனக்கு வலது கையாக நின்றவன், இப்போது உன் கீழே வேலை பார்க்கிறவன். ஏரலில் அவன் மச்சினன் மகளுக்கு நிக்காஹ். விருந்து முடிந்ததும் நம்மைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தான். உன் அம்மா பாயை விரித்தாள். "இருக்கட்டும் தங்கச்சி, நின்னுக்கிடுதேன்" என்றான். "கல்யாண வீட்டுலயும் நின்னுட்டு இங்கனயும் நிக்கணுமா அண்ணாச்சி, பைய உக்காருங்க" என்று அவள் சொல்லவும், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். சம்மணம் போட முடியவில்லை. ஒரு காலை நீட்டி வைத்தான். இடுப்பில் கட்டியிருந்த சாரம் கொஞ்சம் மேலே ஏறிற்று, உடனே இழுத்து மூடினான். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் கறுத்து, வீங்கி, எண்ணெய் தடவினது போலப் பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே நரம்பு புடைத்துச் சுருண்டு முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. அந்தக் கறுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

"முக்காலி எங்க வே?" என்று கேட்டேன்.

"கெடக்கு."

"எங்க கெடக்கு?"

"உள்ள, காயிதக் கட்டுக்குப் பின்னால."

"யாரு தூக்கிப் போட்டா?"

அவன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "கருப்பட்டி கூடிப்போச்சு தங்கச்சி" என்று உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான். உன் அம்மா விடுகிறவளா? "நம்ம பய தான?" என்றாள். அப்போதும் அவன் உன்னை விட்டுக் கொடுக்கவில்லை. "மேனேஜர்னா நாலையும் பாக்கணும்லா. வெளியூர்லருந்து ஆள் வருதாவ, போறாவ. கம்பாசிட்டரெல்லாம் ஒக்காந்திருந்தா பாக்க நல்லாவா இருக்கு? அவன் சொன்னதுல தப்பு இல்ல" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சந்தோஷமாக ஒன்று சொன்னான். என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். "உம்ம பத்தி அவன் சொன்னதக் கேக்கணுமே வே. எங்கப்பா இந்த எடத்துல நின்னுதான் எங்கள ஆளாக்கினாவ. ஒரு நாளாவது கால் வலிக்குன்னு சொல்லியிருக்காவளா மாமான்னு கேட்டான். எனக்கே கண்ணு கலங்கிட்டு."

நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அவன் அந்திக்கு முன்னால் புறப்பட்டுப் போய்விட்டான். தெருக்கோடி வரைக்கும் அவன் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலது காலை ஊன்றும்போதெல்லாம் தோள் ஒரு பக்கம் சாய்கிறது. பத்து அடிக்கு ஒரு தடவை யாரையோ தேடுகிறவனைப் போல நின்று திரும்பிப் பார்த்தான். அவன் யாரையும் தேடவில்லை.

சங்கரா, நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லுகிறேன். வலித்தது. தினமும் வலித்தது. காலையில் மூன்றாவது வரி கோர்க்கும்போது குதிங்காலில் தொடங்கும். உச்சிப் பொழுதுக்குக் கெண்டைக்காலுக்கு ஏறும். விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு காலும் என்னுடையதா, வேறு யாருடையதோ கடன் வாங்கி வந்ததா என்று இருக்கும். சொல்லாமல் இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். நான் சொல்லாமல் விட்டதை எடுத்து நீ மைதீன் தலையில் வைத்திருக்கிறாய். என் வாயை மூடி வைத்ததற்கு இப்படி ஒரு பலன் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த அச்சுக்கூடத்தில் நின்று வேலை பார்க்கிற வழக்கம் எப்படி வந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரிய முதலாளி, அதாவது உன் முதலாளியின் தகப்பனார், பழுத்த சிவபக்தர். ரத வீதியில் முதன்முதலாக அச்சுக்கூடம் வைத்தபோது முதல் வேலையாக ஒரு தோத்திரப் புத்தகத்தைத்தான் அச்சிட்டார். சாமி பாட்டைச் சம்மணம் போட்டுக்கொண்டு கோர்ப்பதா என்று அவருக்கு ஒரு எண்ணம். சந்நிதியில் நிற்பது போல நின்று கோர்க்க வேண்டும் என்று சொல்லி, அதற்கென்று பெட்டிகளை உயரமாகச் சாய்த்துத் தச்சனிடம் செய்யச் சொன்னார். எழுத்தெல்லாம் சரஸ்வதி, ஆகவே செருப்பும் வாசலோடு சரி. நாங்கள் குளித்து, திருநீறு பூசி, வெறுங்காலோடு கல் தளத்தில் நின்று கோர்த்தோம். நியாயமாகத்தான் பட்டது எனக்கு. பிறகு தோத்திரப் புத்தகம் முடிந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தது, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு நோட்டீஸ் வந்தது, கோர்ட்டு ஏல விளம்பரம் வந்தது, மூக்குப்பொடி மட்டையில் ஒட்டுகிற சீட்டு வந்தது. நாங்கள் நின்றபடியே இருந்தோம். உட்காரலாமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மைதீன் ஒருவன்தான் அடிக்கடி முணுமுணுப்பான். "சாமி பாட்டுக்கு நிக்கச் சொன்னா நிப்போம் வே. மூக்குப்பொடிக்கும் என்னத்துக்கு நிக்கோம்?" நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு நிற்போம். இத்தனைக்கும் தோத்திரப் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தபோது, நோன்பு வைத்துக்கொண்டு, எச்சில் விழுங்காமல், நெற்றியில் திருநீறு பூசின எங்களைவிட அதிக நேரம் நின்றவன் அவன்தான். அதற்கு அவன் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

ஊரில் என்னைப் பெரிய முருக பக்தன் என்று சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? வேலை விட்டதும் வீட்டுக்குக்கூட வராமல் நேரே குறுக்குத்துறைக்குப் போகிறாரே, சுப்பிரமணிய சுவாமியைப் பார்க்காமல் ஒரு நாளும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாரே என்று உன் பாட்டையா வழியில் எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள். முருகன் என்னை மன்னிக்க வேண்டும். நான் போனது தாமிரபரணியில் காலை விட்டுக்கொண்டு உட்காரத்தான். படித்துறையில் கடைசிப் படிக்கு முந்தின படியில் உட்கார்ந்து முழங்கால் வரைக்கும் தண்ணீரில் விட்டால், அந்தக் குளிர்ச்சி எலும்புக்குள்ளே போகும். பொடி மீன் வந்து பாதத்தைக் கொத்தும். தண்ணீர் இழுக்கிற இழுப்பில் கால் கனம் குறைந்துகொண்டே வரும். அப்புறம்தான் எழுந்து கோயிலுக்குள் போய் ஒரு கும்பிடு. உன்னையும் சில நாள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். "மீன் கடிக்குதுப்பா" என்று காலை உதறிக்கொண்டு படியில் ஏறி நின்றுகொள்வாய். நான் சிரித்துக்கொண்டு இருப்பேன். உனக்கு அது விளையாட்டு. எனக்கு அது மருந்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்னொன்றும் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏலே, கால்ல ஏறி மிதி" என்பேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு என் கெண்டைக்காலில் ஏறி நின்று அங்கும் இங்கும் நடப்பாய். சின்னப் பாதம் இரண்டும் மெத்து மெத்தென்று இருக்கும். ஒரு நாள் நடுவில் நிறுத்திவிட்டு, "வலிக்காப்பா?" என்று கேட்டாய். "இல்லலே, சும்மா ஒரு சொகத்துக்கு" என்றேன். நீ நம்பிவிட்டாய். நம்ப வேண்டும் என்றுதான் சொன்னேன். கால் வலிக்கிறது என்று சொன்னால் உனக்கு என் வேலைமேல் பயம் வரும், படிப்பை விட்டுவிட்டு எனக்கு உதவியாக வருகிறேன் என்பாய் என்று என்னென்னவோ கணக்குப் போட்டேன். அதற்கு மேல் உள்ளூர ஒரு வீறாப்பும் இருந்தது என்று இப்போது தெரிகிறது. நிலபுலன் போன குடும்பம் நம்முடையது. கை கட்டிச் சேவகம் செய்கிறோமே என்று சொந்தக்காரர்கள் இளக்காரமாகப் பார்த்தபோது, "நம்ம உத்தியோகம் நின்ன உத்தியோகம், நின்னு பாக்கிறவனுக்குப் பிழை வராது" என்று விருந்தாளிகள் முன்னால் மார்தட்டிக்கொள்வேன். நீ இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். பையன் பெருமையாகக் கேட்கிறானே என்று இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுவேன். அதைத்தான் நீ அப்படியே பிடித்துக்கொண்டாய்.

உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவளுக்கு எப்படி மறைப்பது? அவள் அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, கல்லுப்பு ஒரு கை அள்ளிப் போட்டு, நொச்சி இலையைக் கசக்கிப் போட்டு, காலை அதில் விடச் சொல்லுவாள். சுகமாகத்தான் இருந்தது. சும்மா அசதிக்கு அது நல்லதுதான். ஆனால் நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ளத் தொடங்கின பிறகும் நாங்கள் வெந்நீரையே நம்பிக்கொண்டு இருந்தோம். வலி கூடக் கூடச் சூட்டைக் கூட்டினோம். நல்லெண்ணெயைக் காய்ச்சி முழங்காலிலிருந்து கீழ்நோக்கி அழுத்தி அழுத்தித் தேய்த்தாள், பாவம், கை ஓயத் தேய்த்தாள். கணுக்காலில் மந்திரித்த கறுப்புக் கயிறு வேறு. சாயங்காலம் வீக்கம் வந்தால் கயிறு தோலுக்குள் புதைந்து கிடக்கும். கயிறு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நரம்பு சுருண்ட காலுக்குச் சூடு ஆகாது, குளிர்ந்த தண்ணீர்தான். தேய்ப்பதானால் பாதத்திலிருந்து மேல்நோக்கிப் பைய நீவ வேண்டும். கயிற்றை அறுத்துப் போட வேண்டும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்னே பழைய வேட்டியைக் கிழித்து விரலிலிருந்து முழங்கால் வரைக்கும் சுற்றிக்கொள்ள வேண்டும். படுக்கும்போது கால் மாரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். முருகன் பெயரைச் சொல்லித் திருட்டுத்தனமாகப் போய் உட்கார்ந்தேனே, அந்த ஆற்றுத் தண்ணீர் ஒன்றுதான் நான் செய்த சரியான வைத்தியம். மற்றதெல்லாம் பாசத்தால் செய்த தப்பு. உன் அம்மா இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்த டிரெஸ்ஸரிடம் எதற்குப் போனேன் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது திருச்சினாப்பள்ளியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு இருந்தாய். கண் பார்வை மங்குகிறது, வேலையை விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதினோம். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, இப்போதும் பொடி எழுத்து படிக்கிறேன். நடந்தது இது. ராதாபுரத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவருக்கு விலை நோட்டீஸ் கோர்த்துக்கொண்டு நின்றேன். காலில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கிற்று. தண்ணீர்ப் பானையை எவனோ தட்டிவிட்டான் என்று நினைத்துக் கீழே பார்க்காமலே வரியை முடித்தேன். மைதீன்தான் பார்த்தான். "வே, ரெத்தம்" என்றான். குனிந்தால் கல் தளமெல்லாம் சிவப்பு. கறுத்திருந்த இடத்தில் நரம்பு வெடித்துச் சின்னக் குழாய் போலப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வலியே இல்லை, அதுதான் வேடிக்கை. தலை சுற்றிற்று. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தரையில் மல்லாந்து கிடக்கிறேன், மைதீன் என் காலைத் தூக்கித் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, வெடித்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு இருக்கிறான். அவனுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பதறிப்போய்ச் செய்தான். விரலை எடுத்தால் ஆள் போய்விடுவான் என்ற பயத்தில், மாட்டு வண்டியில் பாளையங்கோட்டை போய்ச் சேருகிறவரைக்கும் அந்தக் காலைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அவன் சட்டையெல்லாம் என் ரத்தம். "இப்படியே நிக்க வச்சு இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இவரு இல்ல" என்று டிரெஸ்ஸர் சொன்னாராம். இனிமேல் நின்று பார்க்கிற வேலைக்குப் போனால் மறுபடி வெடிக்கும், அப்போது பக்கத்தில் ஆள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்.

பெரிய முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சாமிக்காகச் சொன்னது, இப்படி ஆகும்னு தெரியாமப் போச்சு பிள்ளைவாள்" என்றார். மறுநாளே தச்சனைக் கூப்பிட்டுப் பூவரச மரத்தில் உயரமான முக்காலி செய்யச் சொன்னார். சாதாரண முக்காலி உயரத்தில் உட்கார்ந்தால் மேல் பெட்டிக்குக் கை எட்டாது. ஆகவே பாதி நிற்கிற மாதிரி, பாதி உட்காருகிற மாதிரி, கால் வைத்துக்கொள்ளக் குறுக்குக் கட்டையோடு, பெட்டிக்கு ஒன்றாகச் செய்தார்கள். சாமி வேலை என்றால் நிற்பது, மற்ற வேலை என்றால் உட்காருவது என்று ஏற்பாடு. எனக்குக் கால் தேறி நடக்க முடிந்ததும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். "இது உம்ம முக்காலி வே, ஒக்காந்து பாரும்" என்று மைதீன் என் பெட்டிக்கு முன்னால் இருந்ததைத் துடைத்துக் காட்டினான். உட்கார்ந்து பார்த்தேன். என் கைக்கு எட்டின தூரத்தில் எல்லா எழுத்தும் இருந்தது, கால் வலிக்கவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று அழுகை வந்துவிட்டது. நான் அந்த முக்காலியில் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

நீ மேனேஜராகப் போய்ப் பார்த்தபோது முக்காலிகள் இருந்தன. அப்பா காலத்தில் இல்லாத சாமான் ஆயிற்றே, அவர் போன பிறகு இவர்களுக்கு வந்த சோம்பல் என்று நினைத்திருப்பாய். அப்படி நினைப்பதற்கு உனக்கு எல்லா நியாயமும் உண்டு. பெரிய முதலாளி காலமாகிவிட்டார். சின்ன முதலாளி அப்போது சென்னையில் இருந்தவர். மைதீன் தன் வாயால் சொல்ல மாட்டான். சொல்லியிருக்க வேண்டியவன் நான். உன்னை உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகத்துக்கு அனுப்பத்தான் நான் நின்றேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. உட்கார்ந்திருக்கிற உனக்கு நிற்கிறவன் கால் எப்படி இருக்கும் என்று சொல்லித்தராமல் விட்டேனே, அதுதான் என்னை அரிக்கிறது. நீ கெட்டவன் இல்லை. ஒரு எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிற பிள்ளை நீ. நான் மறைத்து வளர்த்தபடியால் உனக்குக் கண்ணில் படவில்லை.

முக்காலி வந்த பிறகு வேலை குறைந்தது என்று உன்னிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர்களை ஒரு நாள் காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரைக்கும் அந்தக் கல்லில் செருப்பில்லாமல் நிற்கச் சொல். நீயே நின்று பார்த்தாலும் நல்லது, ராசா. அந்திக்கு மேல் நான் கோர்த்த வரிகளில்தான் பிழை அதிகம் வரும். எழுத்தைப் பார்க்கிற கண், காலைப் பார்க்கப் போய்விடும். வெளியூர்க்காரர் என்ன நினைப்பார் என்று யோசிக்கிறாய். அவர் வந்து அரை நாழிகை இருந்துவிட்டுப் போகிறவர். மைதீன் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் வருஷம் பூராவும் இருக்கிறவன். சாமி வேலைக்கு நிற்கட்டும் என்று நீ நினைத்தால் அப்போதும் காலுக்கடியில் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போடு. ஒரு செங்கலை வைத்து, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொள்ளச் சொல். இடையிடையே தண்ணீர் குடிக்கப் போவது போல நாலு எட்டு நடந்துவிட்டு வர விடு. ஒரே இடத்தில் மரம் மாதிரி நிற்பதுதான் ஆளைக் கொல்லுகிறது. மத்தியானம் சாப்பிட்டதும் காகிதக் கட்டின்மேல் காலைத் தூக்கி வைத்துக் கொஞ்சம் படுக்கட்டும். இதற்கெல்லாம் முதலாளியைக் கேட்க வேண்டியதில்லை. உனக்கு அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் வந்தவுடனே முதலில் எதை எடுக்கலாம் என்று பார்க்கத் தோன்றும். எனக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ.

மைதீன் விஷயம்தான் அவசரம். அவன் கால் இருக்கிற இருப்பில் இது இன்னும் ஒரு மாதம் தாங்காது. நான் உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, என் காலில் பார்த்ததை அவன் காலில் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். அவனிடம் நான் எவ்வளவோ சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்; போகிறேன் என்றான். சங்கரனிடம் சொல்லி முக்காலியை எடுத்துக்கொள் என்றேன். "அப்பன் நின்ன எடத்துல நான் ஒக்காந்திருக்கேன்னு அவன் மனசுல பட்டுறக் கூடாது வே" என்றான். நீ சொன்ன வார்த்தை அவனை அப்படிக் கட்டிப் போட்டிருக்கிறது. என்மேல் அவனுக்கு உள்ள பிரியத்தாலேயே அவன் நிற்கிறான். எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. என் காலைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன், என் பெயரைக் கேட்டே கால் வெடித்துச் சாக வேண்டுமா?

கடிதம் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வண்டி பேசிவிட்டேன். இது உன் கையில் கிடைத்த பிறகு வருகிற திங்கட்கிழமை காலையில் நான் அங்கே இருப்பேன். உன் அத்தான் தடுத்துப் பார்த்தார். உன் அம்மா முதலில் டிரெஸ்ஸர் சொன்னதை ஞாபகப்படுத்தி அழுதாள். பிறகு எழுந்து போய் எனக்குக் கட்டுத்துணி கிழித்து வைத்தாள். இப்போது தானும் வருவேன் என்கிறாள். வீட்டுக்கு வரமாட்டேன், நேரே அச்சுக்கூடத்துக்குத்தான் வருவேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மைதீனுக்கு அடுத்த பெட்டிக்கு முன்னால் போய் நிற்பேன். எல்லோரும் பார்ப்பார்கள். அதில் உனக்குக் கூச்சம் வரும், எனக்கும் வரும். நீ ஓடி வந்து உன் நாற்காலியை எடுத்துப் போடுவாய், என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? அதில் நான் உட்கார மாட்டேன். கோபத்தால் அல்ல. மைதீன் உட்கார்ந்த பிறகு உட்காருவேன், அதற்கு முன் இல்லை. நீ காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் இல்லை.

கெட்டுப்போன கால், சங்கரா. எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்கே தெரியாது. தாமதம் செய்துவிடாதே.

உன் அப்பா